ஜிம்முக்கு வரி குறைஞ்சாச்சு, ஊசிக்கும் விலை குறையுது... 'எடைக் குறைப்பு' பிசினஸ் பூம்பாறை வரை ஏறுமா?

"30 நாளில் 10 கிலோ குறைக்கலாம்!" இந்த விளம்பரத்தைப் பார்க்காம உங்க போன்ல ஒரு நாள் கழியுதா? சென்னை அண்ணா நகர்ல இருக்குறவருக்கும் இதே விளம்பரம்தான், கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு பறிக்கிறவருக்கும் இதே விளம்பரம்தான். சிக்னல் எங்கெல்லாம் போகுதோ, அங்கெல்லாம் இந்த வியாபாரமும் போகுது.

2025-ல் இந்தத் துறையைப் புரட்டிப் போடும் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மையங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இன்னொன்று, எடையைக் குறைக்கும் ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. அதில் முக்கியமான ஒரு மருந்தின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான்.

இந்தத் துறை உண்மையிலேயே வளருமா? வளர்ந்தால் யாருக்கு லாபம்? பூம்பாறை மாதிரி ஒரு மலை ஊருக்கு இதில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எவ்வளவு பெரிய சந்தை இது?

டெலாய்ட் நிறுவனமும் ஹெல்த் அண்ட் ஃபிட்னஸ் அசோசியேஷன் என்ற சர்வதேச அமைப்பும் சேர்ந்து 2025-ல் ஒரு அறிக்கை வெளியிட்டன. அதன்படி 2024-ல் இந்திய ஃபிட்னஸ் சந்தையின் மதிப்பு சுமார் 16,200 கோடி ரூபாய். 2030-க்குள் இது 37,700 கோடியாக உயரலாம் என்பது அவர்களின் கணிப்பு. அதாவது ஆறு வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஜிம் உறுப்பினர்கள் சுமார் 1.23 கோடி பேர். 140 கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் நாட்டில் இது 1 சதவீதம்கூட இல்லை! அமெரிக்காவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏதாவது ஒரு ஜிம்மில் உறுப்பினர்.

முதலீட்டாளர்கள் இந்த இடைவெளியைத்தான் வாய்ப்பு என்கிறார்கள். 'நூற்றில் ஒருவர்கூட வரவில்லை, அப்படியென்றால் மீதி 99 பேரும் வரக்கூடியவர்கள்' என்பது அவர்கள் கணக்கு. அந்த 99 பேரில் எத்தனை பேருக்கு மாசம் ஆயிரம், இரண்டாயிரம் கட்டும் வசதி இருக்கிறது என்பதை அந்தக் கணக்கு கேட்பதில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

தேவை இருக்கா, இல்லையா?

தேவை இருக்கிறது. அதிலும் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறது.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9% பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். 2019-21-ல் இது 40.4%. ஆண்களில் 28.2%-ல் இருந்து 37%. இந்திய அளவில் பெண்களுக்கு 24%, ஆண்களுக்கு 22.9% மட்டுமே. நாட்டின் சராசரியை விட நாம் ரொம்ப மேலே இருக்கிறோம்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நிதியில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். அதே ஆய்வில் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்கள் 39.5%. நம் ஊரில் கை கால் ஒல்லியாக இருப்பவருக்கும் தொப்பை இருப்பது சாதாரணம். அந்தத் தொப்பைதான் டாக்டர்களைக் கவலைப்பட வைக்கிறது.

உழைப்பும் குறைந்துவிட்டது. லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024-ல் வெளியான ஆய்வின்படி, 2000-ம் ஆண்டில் இந்தியப் பெரியவர்களில் 22% பேருக்குத்தான் போதிய உடலுழைப்பு இல்லை. 2022-ல் அது கிட்டத்தட்ட 50%. பெண்களில் மட்டும் 57%.

ஆக, நோய் வளர்கிறது, அதனால் சந்தையும் வளர்கிறது. இந்தத் துறையின் வளர்ச்சியைச் சந்தோஷச் செய்தியாக மட்டும் படிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

18-ல் இருந்து 5: ஜிம் கட்டணம் நிஜமாவே குறையுமா?

கொஞ்சம் குறையும். ஆனால் 13 சதவீதம் அப்படியே உங்கள் பாக்கெட்டுக்கு வராது. ஏன்னு ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஜிம்மில் 200 பேர், ஆளுக்கு மாசம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய வரியில் நீங்கள் கட்டியது 1,770 ரூபாய். புது வரியில் 1,575. மிச்சம் 195 ரூபாய். இது பேப்பரில்.

இப்போ உரிமையாளர் பக்கம் வாங்க. அவர் மாசம் 1 லட்சம் வாடகை கொடுக்கிறார், அதற்கு 18,000 ரூபாய் ஜிஎஸ்டி கட்டுகிறார் என்று வைப்போம். முன்பு உங்களிடம் வசூலித்த வரியில் இந்த 18,000-ஐக் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குக் கட்டுவார். இதுதான் 'உள்ளீட்டு வரி வரவு'. புதிய 5% வரியில் இந்தச் சலுகை கிடையாது. அந்த 18,000 இப்போது அவர் கைக்காசு. அதை 200 பேரிடம் பிரித்தால் தலைக்கு 90 ரூபாய். அடிப்படைக் கட்டணத்தை 1,590 ஆக்கினால், வரியோடு நீங்கள் கட்டுவது சுமார் 1,670. கடைசியில் மிச்சம் 100 ரூபாய்தான். டிரெட்மில் போன்ற கருவிகள் வாங்கும்போது கட்டிய வரியையும் சேர்த்தால் மிச்சம் இன்னும் சுருங்கும்.

இதில் இன்னொரு விஷயம். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குக் கீழே இருக்கும் சேவைத் தொழில்களுக்கு ஜிஎஸ்டி பதிவே பொதுவாகத் தேவையில்லை. 100 பேர், மாசம் 800 ரூபாய் என்று நடக்கும் ஒரு சின்ன ஊர் ஜிம்முக்கு ஆண்டுக்கு 9.6 லட்சம்தான் வரும். அவர் 18-ம் வசூலிக்கவில்லை, 5-ம் வசூலிக்கப் போவதில்லை. ஆக, வரிக் குறைப்பின் பலன் பெரும்பாலும் நகரத்துப் பெரிய ஜிம்களுக்கே.

ஊசி வந்தாச்சு... ஸ்லிம்மிங் சென்டருக்கு ஆபத்தா?

2025 மார்ச்சில் எலி லில்லி நிறுவனத்தின் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தது. ஜூனில் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் வீகோவி. அக்டோபர் மாதமே மவுஞ்சாரோ சுமார் 100 கோடி ரூபாய் விற்பனையோடு, மதிப்பு அடிப்படையில் நாட்டிலேயே அதிகம் விற்ற மருந்தானது. நவம்பரில் வீகோவி தன் விலையை 37% வரை குறைத்தது.

அடுத்து வருவதுதான் பெரிய மாற்றம். வீகோவியில் இருக்கும் செமாக்ளூடைட் மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். சன் ஃபார்மா, டாக்டர் ரெட்டீஸ், சைடஸ் என உள்நாட்டு நிறுவனங்கள் சொந்தத் தயாரிப்போடு தயாராகின. போட்டி வந்தால் விலை இறங்கும்.

பெல்ட் கட்டி, மசாஜ் செய்து, பவுடர் கொடுத்து எடை குறைப்பதாகச் சொன்ன மையங்களுக்கு இது நேரடி அடி. அமெரிக்காவில் இது ஏற்கெனவே நடந்துவிட்டது. 40 ஆண்டுப் பழமையான ஜென்னி கிரெய்க் 2023-ல் கடையை மூடியது. 1963-ல் தொடங்கிய வெயிட் வாட்சர்ஸ் 2025 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

ஆனால் ஜிம்முக்கு இது எதிரி இல்லை, ஆள் அனுப்பி வைக்கும் கூட்டாளியாகக்கூட மாறலாம். காரணம் இரண்டு. ஊசி போட்டு எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசையைக் காப்பாற்ற எடை தூக்கும் பயிற்சி வேண்டும். அடுத்தது, செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களை ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. ஊசி நின்ற பிறகும் உடம்பு நிற்க வேண்டும் என்றால் பழக்கவழக்கம் மாற வேண்டும்.

கவனம்: இவை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்துகள். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார், நானும் போடுறேன் என்ற பேச்சே வேண்டாம்.

வளர்ந்தவங்க விழுந்த கதையும் உண்டு

'சந்தை வளருது' என்றால் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று அர்த்தம் இல்லை. 1932-ல் பம்பாயில் தொடங்கிய தால்வால்கர்ஸ், நாட்டின் பெயர் பெற்ற ஜிம் நிறுவனம். 2010-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2019-ல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தடுமாறியது. பிறகு கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. முன்கூட்டியே ஆண்டுக் கட்டணம் செலுத்தியவர்கள் கதி?

இதுதான் இந்தத் தொழிலின் பலவீனம். ஜனவரியில் உற்சாகமாக ஒரு வருஷத்துக்குக் காசு கட்டுவோம், மார்ச்சில் போவதை நிறுத்திவிடுவோம். வராத உறுப்பினரின் காசில்தான் பல ஜிம்களின் வண்டி ஓடுகிறது. புது ஆள் வருவது நின்றால் வாடகையும் கடனும் கழுத்தைப் பிடிக்கும்.

மறுபக்கம் பெரிய பணம் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. 2016-ல் பெங்களூரில் தொடங்கிய கல்ட்.ஃபிட், கோல்ட்ஸ் ஜிம்மின் இந்தியத் தொழிலைக் கைப்பற்றியது. 1989-ல் டெல்லியில் தொடங்கிய வி.எல்.சி.சி. நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை அமெரிக்காவின் கார்லைல் குழுமம் வாங்குவதாக 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

சரி, பூம்பாறைக்கு என்ன?

கொடைக்கானல் நகரத்தில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர். குழந்தை வேலப்பர் கோயில், படிப்படியாக இறங்கும் வயல்கள், கேரட், உருளை, பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக மலைப்பூண்டு. ஊரே சரிவில் இருப்பதால் தோட்டத்துக்குப் போவதும் மூட்டையோடு ஏறி வருவதும் அன்றாட வேலை. நகரத்து ஜிம்மில் காசு கொடுத்துச் செய்யும் 'இன்க்லைன் வாக்' இங்கே வாழ்க்கை.

அப்போ இங்கே ஜிம் வியாபாரம் எடுபடுமா? சின்னக் கணக்குதான். ஒரு சின்ன ஜிம் வாடகை, கரண்ட், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் கட்ட, மாதாமாதம் தவறாமல் பணம் தரும் 80, 100 பேராவது வேண்டும். விவசாய ஊரில் வருமானம் அறுவடைக்கு அறுவடைதான் வரும். பூண்டு விலை ஏறினால் கையில் காசு, இறங்கினால் கடன். மாசச் சந்தா என்ற மாடலே மாசச் சம்பளக்காரர்களுக்காக உருவானது. இந்தத் துறையின் கணிப்புகளில் வரும் 'இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை நகரங்கள்' என்ற வார்த்தைக்குள் திண்டுக்கல் வரும், கொடைக்கானல்கூட வரலாம். பூம்பாறை வராது.

ஆனால் நோய் வராதா என்றால், வரும். உழைப்பு மட்டுமே கவசம் கிடையாது. ஒரே மாதிரி அரிசிச் சாப்பாடு, சர்க்கரை போட்ட டீ, பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாம் மலைப்பாதையில் ஏறி வந்து ரொம்ப நாளாகிறது. தோட்டத்தை விட்டு ஓட்டல், டிரைவிங், கடை என்று மாறும் அடுத்த தலைமுறையிடம் அந்தப் பழைய உழைப்பும் இருக்காது.

மலைப்பூண்டு சாப்பிட்டா எடை குறையுமா?

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இதற்கான முயற்சியில் முக்கியப் பங்கு வகித்தது. காரம், மணம், நீண்ட நாள் கெடாத தன்மை, இவைதான் இதன் அடையாளம்.

இந்தப் பெயரை வைத்து 'வெறும் வயிற்றில் மலைப்பூண்டு, ஒரே மாதத்தில் தொப்பை காலி' என்று ரீல்ஸ் சுற்றுகிறது. உண்மை என்ன? பூண்டு நல்ல உணவு. கொழுப்பு, ரத்த அழுத்தம் தொடர்பாகச் சில ஆய்வுகளில் சிறிய பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் பூண்டு மட்டும் சாப்பிட்டு எடையைக் குறைக்கலாம் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பச்சைப் பூண்டை அதிகம் சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

இதில் விவசாயிக்கு என்ன லாபம்? புவிசார் குறியீட்டின் மதிப்பு அந்தப் பொருள் உண்மையானது என்ற நம்பிக்கையில் இருக்கிறது. பொய் விளம்பரத்தில் ஏறும் கிராக்கி, அடுத்த ரீல்ஸ் வந்ததும் இறங்கிவிடும். அதுவரைக்கும் வேறு ஊர்ப் பூண்டை 'கொடைக்கானல் பூண்டு' என்று விற்பவருக்குத்தான் கொண்டாட்டம்.

மலைக்கு உண்மையான வாய்ப்பு நடைப்பயணச் சுற்றுலாவில் இருக்கலாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர், பழங்குடி இளைஞர்களே வழிகாட்டிகள். இன்னொரு பக்கம், கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். வண்டி எண்ணிக்கையைக் கூட்ட முடியாத ஊருக்கு, ஒரு நாள் வந்து குப்பை போட்டுப் போகும் கூட்டத்தை விட, இரண்டு நாள் தங்கி நடந்து, உள்ளூர்ச் சாப்பாடு சாப்பிட்டுப் போகும் ஆட்கள் நல்லது.

யார் கண்காணிக்கிறார்கள்?

இங்கேதான் ஓட்டை பெரிது. ஜிம் பயிற்சியாளர் ஆக நாடு முழுக்கச் செல்லும் கட்டாய உரிமம் எதுவும் இல்லை. சான்றிதழ் படிப்புகள் உண்டு, ஆனால் அது இல்லாமலும் வேலை பார்க்கலாம்.

புரோட்டீன் பவுடர்? இந்தியாவில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்து 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் டப்பாவில் போட்டிருந்த புரத அளவு தவறாக இருந்தது.

விளம்பரத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் பட்டியலில் உடல் பருமனும் உண்டு. 'இந்த மருந்து பருமனைக் குணமாக்கும்' என்று விளம்பரம் செய்வதே குற்றம். 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கொழுப்புக் குறைப்பு சிகிச்சை பற்றித் தவறான விளம்பரம் செய்ததாக வி.எல்.சி.சி. நிறுவனத்துக்கு 3 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பெரிய நிறுவனமே மாட்டுகிறது. ஆனால் இன்ஸ்டாகிராமில் பெயர் தெரியாமல் பவுடர் விற்பவரை யார் பிடிப்பது?

விலை சில நேரம் உயிராகவும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் சென்னை புறநகரில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் உயிரிழந்தது தமிழ்நாட்டையே அதிர வைத்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. தகுதியான மையத்தில், தகுதியான நோயாளிக்குச் செய்தால் இது பலன் தரும் சிகிச்சைதான். ஆனால் 'குறைஞ்ச செலவுல முடிச்சுத் தர்றோம்' என்ற பேச்சை நம்பி எடுக்கும் முடிவு இல்லை அது.

அரசு என்ன செய்யுது?

2016-ல் கிராமங்களுக்கு அம்மா உடற்பயிற்சிக் கூடங்கள் அறிவிக்கப்பட்டன. 2023 நவம்பரில் மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைபாதையோடு 'நடப்போம் நலம் பெறுவோம்' தொடங்கியது. 2024-ல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தின் இலக்கு 12,525 ஊராட்சிகள். 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறது.

கட்சி மாறினாலும் யோசனை ஒன்றுதான்: தனியார் ஜிம் போகாத இடத்துக்கு அரசு போக வேண்டும். சிக்கல் திறப்பு விழாவில் இல்லை, அதற்கு அடுத்த வருஷத்தில். கருவி உடைந்தால் யார் சரி செய்வது? பயிற்சி தர ஆள் யார்? பெண்கள் தயங்காமல் வர நேரமும் இடமும் உண்டா? உடலுழைப்பு குறைவாக இருப்பது பெண்களிடம்தான். அவர்கள் வராத கூடம், பாதி ஊருக்குப் பூட்டிய கூடம்.

அப்போ, 2030-ல் எப்படி இருக்கும்?

இதுவரை பார்த்ததை வைத்துச் சொன்னால், துறை வளரும். ஆனால் ஒரே மாதிரி வளராது.

பெரிய நகரங்களில் சங்கிலி ஜிம்கள் பெருகும், சில விழும். எந்திரம், பெல்ட், பவுடரை நம்பிய ஸ்லிம்மிங் மையங்கள் ஊசியோடு போட்டி போட முடியாமல் திணறும், அல்லது டாக்டரை உட்கார வைத்துக் கிளினிக்காக மாறும். சின்ன ஊர்களில் உள்ளூர் ஆள் நடத்தும் ஜிம்தான் தொடரும். மலையும் கிராமமும் இந்த 37,700 கோடியில் வாடிக்கையாளராக இருக்கப் போவதில்லை, விளம்பரத்தின் பார்வையாளராகவே இருக்கும். அங்கே போகும் பணத்தில் பெரும்பகுதி பயிற்சிக்குப் போகாது, பவுடருக்கும் போலி மருந்துக்கும்தான் போகும். அந்தக் கசிவை அடைப்பதுதான் அரசு உடனடியாகச் செய்ய வேண்டியது.

காசு கட்டும் முன் இந்த 5 விஷயத்தைப் பாருங்க

1. முதலில் ஒரு டேப் எடுங்க. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சுகர், பிரஷர், கொழுப்பு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகரும் பிரஷரும் இலவசமாகவே பார்ப்பார்கள்.

2. ஜிம்மில் ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டாதீங்க. மூன்று மாசம் கட்டிப் பாருங்க. இடையில் நின்றால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேளுங்க.

3. 'இத்தனை நாளில் இத்தனை கிலோ கேரண்டி' என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீங்க.

4. பவுடர், கஷாயம், ஊசி எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

5. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. அதாவது வாரத்தில் ஐந்து நாள், தினமும் அரை மணி நேர வேக நடை. இதற்கு 18 சதவீதமும் இல்லை, 5 சதவீதமும் இல்லை.